மெதுவா ஓடுங்க மக்களே: இதயத் துடிப்பைக் கணக்கு வைத்து ஓட்டப் பயிற்சி



முதல் வருஷம் படிக்கும்போது, ஜனவரி மாசம், ஒரு ஹாஃப் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். 21.1 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கணும்னு ஹாஸ்டல் பசங்ககிட்ட பந்தயம் வேற. முதல் 10 கிலோமீட்டரை 55 நிமிடத்தில் ஓடி முடித்தேன். 14வது கிலோமீட்டரில் கால் இரண்டும் கல்லாகிப் போச்சு. 16வது கிலோமீட்டரில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அஸ்தினாபுரத்தில் இருந்து அப்பா டூ வீலரில் வந்து கூட்டிட்டுப் போனார். வழியில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "இவ்வளவு வேகமா ஓடணும்னு யாருடா சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. பயிற்சி என்றால் நாக்கு தள்ளணும், தள்ளாவிட்டால் அது பயிற்சியே இல்லை என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். நம்ம கல்லூரியில் காலையில் ஓட வருகிற பத்து பேரில் எட்டு பேர் இன்னமும் அப்படித்தான் ஓடுகிறார்கள். இரண்டு வாரம் வெறியா ஓடுவாங்க, மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கும், நான்காவது வாரம் ஷூ பரணுக்குப் போயிடும். இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான். குறைந்த இதயத் துடிப்பில் ஓடிப் பழகுவது எப்படி, அது ஏன் வேலை செய்கிறது, நம்ம சென்னை வெயிலில் அதை எப்படி மாற்றிக்கொள்வது என்று பார்க்கலாம்.

முதலில் ஒரு சமன்பாடு

பயப்படாதீங்க, இன்டக்ரேஷன் எல்லாம் இல்லை. உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தும் ஆக்சிஜனின் அளவு மூன்று விஷயங்களின் பெருக்கல் தொகை. ஒன்று, நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு. இரண்டு, ஒரு துடிப்புக்கு இதயம் வெளியே தள்ளும் ரத்தம். இதற்கு ஸ்ட்ரோக் வால்யூம் என்று பெயர். மூன்று, அந்த ரத்தத்தில் இருந்து தசை உண்மையில் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது என்பது. இதை ஃபிக் சமன்பாடு என்பார்கள்.

இதில் அதிகபட்சத் துடிப்பைப் பயிற்சியால் கூட்ட முடியாது. அது பெரும்பாலும் வயதையும் பிறவியையும் பொறுத்தது. கூட்ட முடிவது மற்ற இரண்டையும்தான்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரு துடிப்புக்கு 70 மில்லி என்றால் 71 துடிப்பு வேணும். பயிற்சியால் அது 100 மில்லி ஆனால் 50 துடிப்பு போதும். நீண்ட தூரம் ஓடுபவர்களின் ஓய்வுத் துடிப்பு ஏன் குறைவாக இருக்கிறது என்பதற்கு இந்த வகுத்தல் கணக்குதான் பதில். அதே வேலையை அதே பம்ப் குறைந்த ஸ்ட்ரோக்கில் முடிக்கிறது.

மூன்றாவது விஷயம் தசைக்குள் நடக்கிறது. தொடர்ந்து பல மாதம் ஓடும்போது தசை நார்களைச் சுற்றி நுண்ணிய ரத்தக் குழாய்கள் கூடுகின்றன. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா கூடுகிறது. ஆக்சிஜனை வைத்து எரிபொருளை ஆற்றலாக மாற்றும் பட்டறை அதுதான். பட்டறை கூடினால், அதே வேகத்தில் உடல் அதிகம் கொழுப்பை எரிக்கும், குறைவாகச் சர்க்கரையை எரிக்கும்.

16வது கிலோமீட்டரில் என்ன நடந்தது?

ஓடுவதற்கு ஆகும் செலவு, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1 கிலோகலோரி. நான் 60 கிலோ. 21.1 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 1,270 கிலோகலோரி ஆகும். உடலில் கிளைக்கோஜனாக, அதாவது சேமித்த சர்க்கரையாக இருப்பது மொத்தம் 1,500 முதல் 2,000 கிலோகலோரி. கணக்குப்படி போதுமே என்று தோணும். ஆனால் அதில் ஒரு பகுதி ஓடாத தசைகளில் கிடக்கிறது. கையில் இருக்கும் கிளைக்கோஜனைக் காலுக்கு மாற்ற முடியாது; தசை தன் சரக்கை வெளியே விடாது. ஈரல் மட்டும்தான் ரத்தத்துக்குக் கொடுக்கும்.

வேகம் கூடக் கூட உடல் கொழுப்பை விட்டுச் சர்க்கரைக்கு மாறும். நான் முதல் 10 கிலோமீட்டரை ஓடிய வேகத்தில் கிட்டத்தட்ட முழுசும் சர்க்கரைதான் எரிந்திருக்கும். முந்தின ராத்திரி டென்ஷனில் இரண்டு இட்லியோடு எழுந்தது வேறு கதை. கொழுப்பு மட்டும் அப்போதும் அப்படியே இருந்தது. ஒல்லியான ஆளிடம்கூட கிலோக்கணக்கில் கொழுப்பு இருக்கும். ஒரு கிலோவில் சுமார் 7,700 கிலோகலோரி. டேங்க் நிறைய டீசல் இருந்தும் பெட்ரோல் தீர்ந்து நின்ற வண்டி மாதிரி நின்றேன். டீசலிலும் ஓடக் கற்றுக்கொடுப்பதுதான் மெதுவான பயிற்சி.

இது புதுசு இல்லை

நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தன் வீரர்களை, 800 மீட்டர் ஓடுபவர்களைக்கூட, வாரத்துக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், மூச்சு திணறாத வேகத்தில் ஓட வைத்தார். அந்த அடித்தளம் அமைந்த பிறகுதான் வேகப் பயிற்சி. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய வீரர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள்.

800 மீட்டருக்கு எதற்கு நீண்ட ஓட்டம் என்று கேட்கலாம். அந்த இரண்டு நிமிட ஓட்டத்தில்கூட பாதிக்கு மேற்பட்ட ஆற்றல் ஆக்சிஜன் வழியாகத்தான் வருகிறது. 5,000 மீட்டர் என்றால் 90 சதவீதத்துக்கும் மேல். 2017இல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் நம்ம புதுக்கோட்டை கோ. லட்சுமணன் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கியது நினைவிருக்கும். கடைசிச் சுற்றில் அவர் பாய்வதுதான் நம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் 10,000 மீட்டர் என்பது 25 சுற்று. அதற்கு முந்தின 24 சுற்றைத் தாங்குகிற உடம்பு இல்லாமல் கடைசிச் சுற்றில் பாய முடியாது.

துடிப்பை வைத்து இதை முறைப்படுத்தியவர் அமெரிக்காவின் ஃபில் மாஃபெட்டோன். 1980களில் அவரிடம் போன டிரையத்லான் வீரர் மார்க் ஆலன், அதுவரை எல்லாப் பயிற்சியையும் முழு வேகத்தில் செய்தவர். அடிக்கடி காயம். நிமிடத்துக்கு 155 துடிப்பைத் தாண்டாதே என்றார் மாஃபெட்டோன். அந்தத் துடிப்பில் ஆலனால் ஒரு மைலை 8 நிமிடம் 15 விநாடியில்தான் ஓட முடிந்தது. நம்ம கணக்கில் கிலோமீட்டருக்கு 5:08. உலகத் தரத்து வீரருக்கு அது அவமானமான வேகம். பொறுமையாக அதிலேயே இருந்தார். சுமார் ஒரு வருடத்தில் அதே 155 துடிப்பில் மைலுக்கு 5:20, அதாவது கிலோமீட்டருக்கு 3:19 வந்துவிட்டது. ஹவாயில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியில் பல முறை தோற்றவர், 1989 முதல் 1993 வரை தொடர்ந்து ஐந்து முறையும், 1995இல் 37 வயதில் ஆறாவது முறையும் வென்றார்.

உங்க எல்லை எவ்வளவு?

மாஃபெட்டோன் கணக்கு எளிது: 180இல் இருந்து வயதைக் கழிக்கணும். பிறகு சின்னத் திருத்தம்.

பெரிய நோயில் இருந்து மீண்டவர், தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்: இன்னும் 10 கழிக்கவும்.

புதுசா ஆரம்பிப்பவர், விட்டு விட்டு ஓடுபவர், காயம் பட்டவர், அடிக்கடி சளி பிடிப்பவர், ஆஸ்துமா உள்ளவர்: 5 கழிக்கவும்.

இரண்டு வருடம் வரை தடங்கல் இல்லாமல் ஓடிவருபவர்: மாற்றம் வேண்டாம்.

இரண்டு வருடத்துக்கு மேல் ஓடி, முன்னேற்றமும் இருப்பவர்: 5 கூட்டலாம்.

எனக்கு அப்போது 19 வயது, புதுசு. 180 − 19 − 5 = 156. எல்லையில் இருந்து 10 குறைவு வரை, அதாவது 146 முதல் 156 வரை என் பாதை. ஓட்டம் முழுக்க இதற்குள் இருக்கணும்.

இது அனுபவத்தில் வந்த சூத்திரம், இயற்கை விதி இல்லை. சரிபார்க்க இன்னொரு வழி, கார்வோனென் முறை. அதிகபட்சத் துடிப்பை 208 − (0.7 × வயது) என்று வைத்தால் எனக்குச் சுமார் 195. ஓய்வுத் துடிப்பு 70. வித்தியாசம் 125. அதில் 60 முதல் 70 சதவீதம் எடுத்து 70ஐக் கூட்டினால் 145 முதல் 157. இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வருகிறது. ஆனால் அதிகபட்சத் துடிப்பு ஆளுக்கு ஆள் 10, 12 கூடக் குறைய இருக்கும். அதனால் மூன்றாவதாக வாய்ப் பரிசோதனையும் வேணும்: ஓடிக்கொண்டே ஒரு திருக்குறளை மூச்சு முட்டாமல் முழுசா சொல்ல முடிகிறதா? முடிந்தால் சரியான வேகம். முதல் அடியிலேயே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

எப்படி அளப்பது?

கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்ச் பச்சை விளக்கை அடித்து, தோலுக்கு அடியில் ரத்தம் கூடிக் குறைவதை வைத்துத் துடிப்பை ஊகிக்கிறது. பட்டை தளர்வாக இருந்தால், அது துடிப்புக்குப் பதில் உங்கள் காலடியை எண்ண ஆரம்பித்துவிடும். நிதானமாக ஓடும்போதே திடீரென்று 170, 175 என்று காட்டி அங்கேயே நின்றால் சந்தேகப்படுங்க. அது நிமிடத்துக்கு நீங்க வைக்கும் அடிகள். பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே இறுக்கமாகக் கட்டினால் பெரும்பாலும் சரியாகும். மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின் சமிக்ஞையையே படிப்பதால் இன்னும் நம்பகமானது.

இரண்டும் இல்லையா? நின்ற உடனே கழுத்துப் பக்கத்தில் மெல்ல விரல் வைத்து 10 விநாடி எண்ணி 6ஆல் பெருக்குங்க. முழு நிமிடம் எண்ண வேண்டாம். நின்றதும் துடிப்பு வேகமா இறங்கிவிடும். நான் முதல் இரண்டு மாதம் இப்படித்தான் செய்தேன். பைசா செலவில்லை.

அஸ்தினாபுரத்தில் முதல் நாள்

ஜூன் மாசம், செமஸ்டர் லீவு, காலை 5 மணி. ராஜேந்திர பிரசாத் சாலையில் ஓட ஆரம்பித்தேன். 300 மீட்டர் தாண்டவில்லை, துடிப்பு 168. நடந்தேன். 145க்கு இறங்கியதும் திரும்ப ஓடினேன். மறுபடி 160. மறுபடி நடை. பால் பாக்கெட் வாங்க வந்த பக்கத்து வீட்டு மாமா, "என்ன தம்பி, கால்ல அடியா?" என்று கேட்டார். வாக்கிங் போகிற ஒரு பாட்டி என்னைத் தாண்டிப் போனார். 3 கிலோமீட்டரை அந்த எல்லைக்குள் முடிக்க, கிலோமீட்டருக்கு 9 நிமிடம் 10 விநாடி ஆச்சு.

இந்தப் பயிற்சியில் கஷ்டமான பகுதி இதுதான். நுரையீரலுக்குக் கஷ்டம் இல்லை, ரோஷத்துக்குத்தான் கஷ்டம். முதல் ஆறு வாரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது அந்த இடத்தில்தான்.

சென்னைக்கு ஒரு தனிக் கணக்கு

ஓடும்போது தசை எரிக்கும் ஆற்றலில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் ஓட்டமாக மாறுகிறது. மீதி வெப்பம். அதை வெளியேற்ற, ரத்தம் தோலுக்கும் போகணும், வியர்வையும் ஆவியாகணும். ஒரு லிட்டர் வியர்வை முழுசா ஆவியானால் 580 கிலோகலோரி வெப்பம் போகும். ஆனால் நம்ம ஊர் ஈரக் காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விக்காது, தண்ணீரை மட்டும் காலி பண்ணும். ரத்தத்தின் அளவு குறையும், ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தமும் குறையும், அதை ஈடுகட்டத் துடிப்பு ஏறும். அதனால்தான் வேகத்தை மாற்றாமலே ஓடினாலும் 40வது நிமிடத்தில் துடிப்பு 10, 15 கூடியிருக்கும்.

ஆகவே மே மாசம் ஒரு வேகம், டிசம்பர் மாசம் ஒரு வேகம் இருப்பது இயல்பு. குளிர் நாட்டுக்காரர் எழுதிய பேஸ் அட்டவணையைப் பார்த்து நம்ம ஊரில் ஓடினால் உடம்பு கெடும். துடிப்பு எல்லையை வைத்து ஓடினால் வெயில், ஈரப்பதம், தூக்கமின்மை எல்லாவற்றையும் அது தானாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். இன்டர்னல் தேர்வுக்கு முந்தின ராத்திரி விழித்திருந்துவிட்டு ஓடிப் பாருங்க, அதே தெருவில் துடிப்பு எகிறும். எம்.ஐ.டி. மேம்பாலம் மாதிரி ஏற்றம் வந்தால் வெட்கப்படாமல் நடங்க. தெரு நாய் துரத்தினால் மட்டும் எல்லையை மறந்துவிடலாம்.

12 வாரத் திட்டம்

1 முதல் 4 வாரம்: வாரத்துக்கு 4 நாள், 30 முதல் 40 நிமிடம். முதல் 10 நிமிடம் நடையில் ஆரம்பித்து மெல்ல ஓட்டத்துக்கு வரணும், கடைசி 10 நிமிடம் மெல்ல நடைக்குத் திரும்பணும்.

5 முதல் 8 வாரம்: 3 நாள் 45 நிமிடம், ஞாயிற்றுக்கிழமை 70 நிமிடம்.

9 முதல் 12 வாரம்: 3 நாள் 50 நிமிடம், ஞாயிறு 90 நிமிடம். இதில் ஒரு நாள், ஓட்டத்தின் கடைசியில் 20 விநாடி வேக ஓட்டம் 6 முறை, நடுவில் நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டு. கால் வேகத்தை மறக்காமல் இருக்க இது போதும்.

தூரத்தைப் பார்க்காதீங்க, நேரத்தை மட்டும் பாருங்க. தூரத்தைப் பார்த்தால் கை அரிக்கும், வேகம் கூடும்.

வேகப் பயிற்சி தப்பா? இல்லை. அதுவும் இதயத்தை வளர்க்கும், மைட்டோகாண்ட்ரியாவையும் கூட்டும். ஆனால் உடம்பிடம் அது கேட்கும் விலை அதிகம், அடுத்த நாள் ஓட முடியாது. தசை சில வாரத்தில் பழகிவிடும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். மெதுவாக ஓடினால்தான் அவற்றுக்கு அந்த அவகாசம் கிடைக்கும். உலகத் தர ஓட்டக்காரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்கள் பயிற்சியில் சுமார் 80 சதவீதம் எளிதான வேகத்தில் இருப்பதைக் காட்டினார். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம்.

மாதம் ஒரு டெஸ்ட்

மாசத்துக்கு ஒரு நாள், அதே தெரு, அதே நேரம், 15 நிமிடம் உடலைச் சூடாக்கிய பிறகு, எல்லைத் துடிப்பில் 3 கிலோமீட்டர் ஓடி நேரத்தைக் குறித்து வைங்க. என் கணக்கு இது. ஜூனில் கிலோமீட்டருக்கு 9:10. ஆகஸ்டில் 8:40. நவம்பரில் மழையால் பாதி நாள் ஓடவில்லை, 8:15. டிசம்பர் கடைசியில் 7:20.

டிசம்பர் எண்ணைப் பார்த்துத் துள்ளிக் குதித்தேன். ஆனால் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை ஒன்று கேட்கணும்: இதில் பயிற்சி எவ்வளவு, குளிர் எவ்வளவு? ஜூனை டிசம்பரோடு ஒப்பிட்டால் இரண்டு மாறிகள் ஒன்றாக மாறுகின்றன. அதனால் இந்த ஜூனில், அதே புழுக்கத்தில், மறுபடி ஓடினேன். 7:50. ஜூனுக்கு ஜூன், கிலோமீட்டருக்கு 1 நிமிடம் 20 விநாடி குறைந்திருக்கு. அதுதான் உண்மையான முன்னேற்றம்.

நடுவில் இரண்டாம் வருஷ ஜனவரியில் மறுபடி ஹாஃப் மாரத்தான் ஓடினேன். முதல் 10 கிலோமீட்டரில் என்னை எல்லாரும் தாண்டினார்கள். 16வது கிலோமீட்டரில் நான் அவர்களில் பலரைத் தாண்டினேன். 2 மணி 29 நிமிடம். இரண்டு மணி நேர பந்தயம் இன்னும் பாக்கிதான். ஆனால் ஓடி முடித்தேன், பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

யார் கவனமா இருக்கணும்?

ஓடும்போது நெஞ்சு வலி, மயக்கம், படபடப்பு வந்தவர்கள், குடும்பத்தில் சின்ன வயதிலேயே இதய நோய் வந்தவர்கள், டாக்டரைப் பார்க்காமல் ஆரம்பிக்கக் கூடாது. டெங்கு மாதிரி காய்ச்சலில் இருந்து எழுந்தவர்களும் அப்படியே. காலையில் எழுந்ததும் ஓய்வுத் துடிப்பு வழக்கத்தைவிட 8, 10 கூடுதலாக இருந்தால் அன்றைக்கு ஓட்டம் வேண்டாம். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் துடிப்பைக் குறைத்துவிடும். அவர்களுக்கு இந்தச் சூத்திரமே பொருந்தாது.

கடைசியாக, இந்தக் கணக்கு நமக்கு மட்டும் இல்லை. என் அப்பாவுக்கு 51 வயது, சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். டாக்டரிடம் கேட்ட பிறகு கணக்குப் போட்டோம்: 180 − 51 − 10 = 119. அவருக்கு வேக நடையே போதும், ஓடத் தேவையில்லை. இப்போது காலையில் இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்புகிறோம். நான் ஒரு சுற்று ஓடி வரும்போது அவர் பாதிச் சுற்று நடந்திருப்பார். எதிரில் வரும்போது வாட்சைக் காட்டி, "எவ்வளவுடா?" என்று கேட்பார். நான் 158 என்றால், "மெதுவா போடா" என்பார்.

நாளைக்குக் காலையில் 5 மணிக்கு ஷூவை எடுங்க. 180இல் இருந்து வயதைக் கழிங்க. யார் தாண்டிப் போனாலும் விட்டுடுங்க. 12 வாரம் கழித்து உங்க எண்களை நம்ம இதழுக்கு எழுதி அனுப்புங்க, அடுத்த செமஸ்டரில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.